சைக்கிள் சுருதி

எனக்குக் கிற்றாரில் ஒரே ஒரு பாட்டுத்தான் வாசிக்கத் தெரியும். அதுவும் போன வருடம்வரை முழுதாகத் தெரியாது. பல்லவி தெரியும், முதற் சரணம் தெரியும், இரண்டாவது சரணத்தில் பாதி தெரியும். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டுக் கிற்றாரைச் சுவரில் சாத்திவிடுவேன். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நரம்பு ஏதும் அறுந்துவிட்டதோ என்று ஒருவர் எட்டிப் பார்ப்பார். பிறகு மரியாதைக்கு ஒரு கைதட்டல். முப்பது வருடமாக இதுதான் நடந்தது.

பாட்டு 'இளைய நிலா'. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காக இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடியது. கிற்றார் வாசித்தவர் சந்திரசேகர். கையில் கிற்றார் கிடைத்த தமிழ்ப் பையன் எவனும் முதலில் தடவிப் பார்ப்பது அந்தப் பாட்டின் தொடக்கத் துண்டைத்தான். பெரும்பாலானோர் அந்தத் துண்டோடேயே நின்றுவிடுவார்கள். நான் அதைத் தாண்டிப் போனவன். ஆனால் போன வழிதான் கொஞ்சம் கோணல். வழியில் ஒரு சைக்கிள் நின்றது.

எங்கள் ஊர் படுவான்கரையில். மட்டக்களப்பைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நீர் கிடக்கிறது. அதற்குக் கிழக்கே, கடற்பக்கம், சூரியன் எழும் கரை எழுவான்கரை. மேற்கே, வயற்பக்கம், சூரியன் படும் கரை படுவான்கரை. நடுவில் கிடப்பதைப் புத்தகத்தில் வாவி என்று போட்டிருக்கும். நாங்கள் ஆறு என்போம். ஓடாத ஆற்றை ஆறு என்று சொல்பவர்களுக்குச் சுருதி ஞானம் எப்படி இருக்கும் என்று நீங்கள் நினைத்தால் அதில் பிழையில்லை.

1993இல் எனக்குப் பதின்மூன்று வயது. பிரச்சினைக் காலம். எங்கள் கரையில் கரண்டு இல்லை. பற்றறியைப் பட்டணத்திலிருந்து கொண்டுவரவும் ஆமிக்காரர் விடமாட்டார்கள். தடைசெய்த சாமான்களின் பட்டியலில் அதற்கும் இடமிருந்தது. வீட்டில் ஒரு ரேப் ரெக்கோடரும் ஒரே ஒரு கசற்றும் இருந்தன. இரண்டும் காட்சிக்கு மட்டும். அம்மா ரேப் ரெக்கோடரின் மேல் ஒரு பின்னல் துணி விரித்துப் பூச்சாடி வைத்திருந்தா.

அந்தப் பூச்சாடியை இறக்கியவன் என் மச்சான், மாமியின் மகன். என்னிலும் ஒரு வயது இளையவன். சைக்கிளைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சில்லைத் தூக்கி, டைனமோவை ரயரோடு முட்ட வைத்து, அதன் வயரை ரேப் ரெக்கோடருக்குக் கொடுத்தால் பாடும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் பாடவில்லை, இரைந்தது. டைனமோவில் வருவது முன்னும் பின்னும் போய்வரும் மின்சாரம், கசற் ஓட்டும் மோட்டருக்குத் தேவை ஒரே பக்கம் போகும் மின்சாரம். றேடியோ திருத்தத் தெரிந்த ஒரு அண்ணன் நான்கு டயோட்டை வைத்துப் பற்றவைத்துத் தந்த பிறகு, மச்சான் பெடலை மிதிக்க, பாலசுப்பிரமணியம் எங்கள் விறாந்தையில் வந்து நின்றார்.

மச்சான் களைத்தால் அவரும் களைப்பார்.

இதில்தான் முழு விசயமும் இருக்கிறது. கசற் நாடா நூற்றுக்கு ஆறு வீதம் மெதுவாக ஓடினால் சுருதி அரைச்சுரம் இறங்கிவிடும். பதினொரு வீதம் என்றால் ஒரு முழுச்சுரம். பன்னிரண்டு வயதுப் பையனின் கால் அப்படியெல்லாம் கணக்குப் பார்த்து மிதிக்காது. பல்லவி தொடங்கும்போது பாலசுப்பிரமணியமாக இருப்பவர், பல்லவி முடியும்போது யேசுதாஸ் போலக் கனத்து, சரணத்தின் நடுவில் எங்கள் பட்டியில் நின்ற கிடா எருமையின் குரலுக்கு வந்துவிடுவார். நான் "மிதிடா" என்று கத்துவேன். ஒரு உதை. மறுபடி பாலசுப்பிரமணியம்.

மச்சானுக்குக் கூலி உண்டு. ஒரு தடவைக்கு ஒரு சுருள் கச்சான். கச்சான் இல்லாத நாளில் தயிர்ச் சட்டியின் ஆடை. ஆடை என் பங்கிலிருந்து போகும்.

கிற்றார் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அது மட்டக்களப்புக் கடற்கரையில், டச்பாரில் இருந்த ஒரு பறங்கி அங்கிளிடமிருந்து வந்தது. போர்த்துக்கீசர் 1628இல் இங்கே கோட்டை கட்டினார்கள்; பத்து வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை கைமாறினாலும் போர்த்துக்கீசர் விட்டுப்போன பேச்சும் பாட்டும் ஆட்டமும் பறங்கியர் வீடுகளில் நின்றுவிட்டன. கபிரிஞ்ஞா என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. வயலின், மண்டலின், கிற்றார், ரபான் எல்லாம் சேர்ந்து போடும் தாளத்தில் காலை நிலத்தில் வைக்க மனம் வராது. அதையே கொஞ்சம் குலுக்கிவிட்டால் பைலா. அங்கிள் பகலில் தச்சுவேலை, இரவில் கபிரிஞ்ஞா. அப்பா அவரிடம் கதவு நிலை செய்யப் போய், ஒரு மூடை நெல்லைக் கொடுத்துவிட்டு நிலையோடு ஒரு கிற்றாரையும் கொண்டுவந்தார். ஏன் கொண்டுவந்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கே தெரியாது. "சும்மா கிடந்திச்சி, தந்தார்" என்றார்.

அதைக் கொண்டுவந்த பயணத்தில் நானும் இருந்தேன். மண்முனைத் துறைக்கு அப்போது பாலம் இல்லை. பாலம் வந்தது 2014இல். ஆற்றைக் கடக்க வேண்டும், கடக்கும் முன் சோதனை. அப்பா கிற்றாரை நெற்சாக்கால் சுற்றியிருந்தார். நீளமான ஒரு சாமானைச் சாக்கால் சுற்றிக்கொண்டு அந்தக் காலத்தில் சோதனைச் சாவடிக்குப் போவது புத்தியுள்ள காரியமல்ல. சாக்கை அவிழ்த்துப் பார்த்த சிப்பாய்க்கு எங்களைவிடப் பெரிய நிம்மதி. பிறகு கிற்றாரை என் பக்கம் நீட்டி, வாசி என்று கையால் காட்டினான்.

எனக்கு அன்றைக்குக் கிற்றாரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. எல்லா நரம்பையும் ஒரேயடியாக இழுத்தேன். வந்த சத்தத்தை மூடுவதற்காக அப்பா, வாழ்நாளில் ஒரு தேவாரம்கூட வாய்விட்டுப் பாடாத அப்பா, 'சுராங்கனி'யை எடுத்துவிட்டார். சிப்பாய் சிரித்துக்கொண்டே சேர்ந்து பாடினான். இவர் தமிழில் போக, அவன் சிங்களத்தில் போனான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தாளம் போட்டேன். அந்தப் பாட்டைப் பாடிய சிலோன் மனோகர் 2018இல் இறந்தபோது ஆளாளுக்கு அவரைப் பற்றி எழுதினார்கள். எங்களை ஆறு கடத்திவிட்டதை ஒருவரும் எழுதவில்லை. அந்தப் பாட்டையும் இளையராஜா 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் போட்டிருக்கிறார் என்பது பிற்காலத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. ஆக, எப்படிப் பார்த்தாலும் அந்த மனிதரிடமிருந்து எனக்குத் தப்பிப்போக வழி இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து எண்ணினால் ஐந்து நரம்புதான். ஆறாவதுக்கு எங்கே போவது? மச்சானின் அப்பா, என் மாமா, தோணிக்காரர். பரணில் கிடந்த தங்கூசியில் இரண்டு முழம் வெட்டித் தந்தார். கொடுவா மீன் இழுக்கிற தடிப்புத் தங்கூசி. முறுக்கிக் கட்டினோம். நன்றாகவே பாடியது. மற்ற ஐந்தைவிட நன்றாக. இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போரில் ஆட்டுக்குடல் எல்லாம் காயம் தைக்கப் போய்விட, கிற்றாருக்கு நரம்பில்லாமல் செகோவியா என்ற பெரிய ஸ்பானிய வித்துவான் தவித்தாராம். நியூயோர்க்கில் அல்பேட் ஒகஸ்டின் என்ற கிற்றார் தச்சர் நைலோன் இழையைப் போட்டுப் பார்த்து வழி கண்டார். இன்றைக்கு உலகம் முழுக்க நைலோன் நரம்புக் கிற்றார்களில் பாடுவது நம் தங்கூசியின் ஒன்றுவிட்ட சகோதரம்தான். அங்கேயும் ஒரு சண்டை, இங்கேயும் ஒரு சண்டை. அவர்கள் அதைக் கடையில் விற்றார்கள், மாமா பரணில் வைத்திருந்தார்.

இனிப் பாட்டைப் பிடிக்கிற வேலை. எங்கள் ஊரில் இதற்குக் 'கேள்வி ஞானம்' என்று பெயர். பெத்தப்பா கூத்து அண்ணாவியார். வடமோடிக் களரியில் மத்தளத்தோடு நின்றாரென்றால் விடியும்வரை கை ஓயாது. ஏடு, எழுத்து ஒன்றுமில்லை, எல்லாம் காதால் வந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அவராகவே ஒருநாள் விறாந்தைக்கு வந்து, சைக்கிளில் ஒருத்தன் மிதிக்க, மற்றவன் பெட்டிக்குள் காதை விட்டுக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாட்டுப் படிக்கிறதுக்கு இவ்வளவு தூரம் போகணுமா மனே?" என்று கேட்டுவிட்டுப் போனார். சைக்கிள் நின்ற இடத்தில்தான் நின்றது.

சுருதிக்கவர் கிடையாது, ஆர்மோனியம் கிடையாது. எனவே கிற்றாரை எதற்குக் கூட்டினேன்? கசற்றுக்கு. அதாவது சைக்கிளுக்கு. அதாவது மச்சானின் முழங்காலுக்கு. மச்சான் புதிதாக மிதிக்கத் தொடங்கும் முதல் அரை நிமிடம் ஓரளவு ஒரே வேகமாக இருக்கும். அந்த இடத்தில் முதல் நரம்பைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அப்பியாசக் கொப்பியில் இலக்கங்கள்: நரம்புக்கு ஒரு இலக்கம், மெட்டுக்கு ஒரு இலக்கம். வீணையிலே அந்தக் குறுக்குக் கம்பிக்கு மெட்டு என்றுதான் பெயர். பாட்டின் மெட்டுத் தெரியாமல் கிற்றாரின் மெட்டைத் தடவியவன் நான். தொடக்கத்தில் சில விநாடி வரும் துண்டைப் பிடிக்க இரண்டு கிழமை போனது. கிட்டத்தட்ட ஒரு கிலோ கச்சானும் போனது.

ஒரு நரம்பை இழுத்து அதன் சத்தம் அடங்குமுன் அடுத்ததை இழுக்க வேண்டும், முன்னதன் மேல் பின்னது விழ வேண்டும், ஆற்றில் அலை விழுவதுபோல. இதைச் சொல்வது சுகம். பெருவிரல் ஒரு வேலை, மற்ற மூன்று விரலும் மூன்று வேலை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐஸ்கிறீம் கப்பின் மூடியில் வெட்டிய ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு ஆறு நரம்புக்கும் நடுவில் கோழி மேய்வதுபோல மேய்ந்தேன்.

மூன்று மாதத்தில் பாட்டு வந்துவிட்டது. கசற்றில் இருந்த அளவுக்கு வந்தது. அந்தக் கசற் பட்டணத்து ரெக்கோடிங் பாரில் பதிந்தது. அறுபது நிமிடக் கசற், ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். பட்டியல் கொடுத்தவர் என் சித்தப்பா. பதிந்தவர் எப்படியாவது ஏழு பாட்டைப் போட்டுவிட வேண்டும் என்று நினைத்த தாராள மனிதர். ஏழாவதாக வந்த 'இளைய நிலா' இரண்டாவது சரணத்தின் நடுவில் நாடா முடிந்து, பொத்தான் 'டக்' என்று மேலே எழும்பிவிடும். அதற்குப் பிறகு பாட்டில் என்ன இருக்கிறது என்பது எனக்கு மறுபிறவி மாதிரி. இருக்கும் என்று நம்பினேன், போய்ப் பார்க்க வழியில்லை.

அந்த வருடம் பள்ளிக்கூடத்துக் கலைவிழாவில் வாசித்தேன். சங்கீத ரீச்சர் கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. முடிந்ததும் கூப்பிட்டு, "எல்லாம் சரி தம்பி. ஒவ்வொரு வரி முடிவிலயும் சுரத்தை அப்பிடி வழுக்கி விடுறியே, அது என்ன கமகம்?" என்று கேட்டா.

அதுதான் நான் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பாடுபட்டுப் பிடித்த இடம். கிற்றாரில் சுரத்தை மேலே இழுக்கலாம், கீழே இறக்குவது கடினம். ஆனால் கிற்றாரின் கழுத்தை மெல்ல முன்னுக்குத் தள்ளினால் எல்லா நரம்பும் தளர்ந்து, முழுப் பாட்டும் ஒரு பெருமூச்சுப்போலச் சரியும். இளையராஜா எவ்வளவு நுணுக்கமாகப் போட்டிருக்கிறார் என்று வியந்து வியந்து பழகியிருந்தேன். அது இளையராஜா போட்டதல்ல. மச்சானின் கால் களைத்த இடம். ரீச்சருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது ஞாபகமில்லை. வெளியே மரத்தடியில் நின்ற மச்சானுக்கு மட்டும் இது எப்படியோ தெரிந்து, அன்றிலிருந்து தானும் அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவன் என்று சொல்லித் திரிந்தான்.

பறங்கி அங்கிளிடம் கொண்டுபோனேன். அவர் வேலைசெய்த வாங்கில் ஏறி உட்கார்ந்து வாசித்தேன். கழுத்தைத் தள்ளும் முதல் இடத்திலேயே பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். "கழுத்த முறிக்காத மேன்! மரம் பாவம்." பிறகு சொன்னார்: "மேல கேக்குறதப் பிடிக்காத. அடியில பேஸ் போகுது பார், அத முதல் பிடி. அடி கிடைச்சா மேல தானா வரும். வீடு கட்டுறது மாதிரி மேன்." சுற்றிவர வாள் இழுக்கிற சத்தம். பேஸ் எங்கே கேட்கும்? அவர் என் தாடையைப் பிடித்துக் கிற்றாரின் உடம்பில் வைத்து அழுத்திவிட்டு ஒரு நரம்பைத் தட்டினார். மண்டைக்குள் கோயில் மணி அடித்தது. காது கேட்கவில்லை, எலும்பு கேட்டது.

"ஊர்மீன் பாடுறத எப்பிடிக் கேக்குற?" என்றார்.

அது எனக்குத் தெரியும். கல்லடிப் பாலத்தடியில், நிலாக் காலத்தில், தோணியை நிறுத்திவிட்டுச் சவளின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு சேர்த்தால் கேட்கும். மரத்தின் வழியாகச் சத்தம் ஏறிவரும். 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனென்ட் என்ற பிரித்தானிய அதிகாரியும் கேட்டுவிட்டு, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவினாற்போல ஒரு நாதம் என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். மீனவர்களைக் கேட்க, அவர்கள் அது மீனல்ல, ஊரி அழுகிறது என்றார்களாம். ஊரி என்பது சிப்பி, சங்கு வகை. பிற்காலத்தில் லாங் அடிகளார் என்ற அமெரிக்கக் குரு நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவுசெய்து, அது இலங்கை வானொலியிலும் போனது. மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஊருக்கு 'மீன்பாடும் தேனாடு' என்று பெயர் வைத்தாகிவிட்டது, இனி ஊரிதான் பாடுகிறது என்று தீர்ப்பு வந்தால் எத்தனை பெயர்ப்பலகையை மாற்றுவது?

மாமாவின் தோணியில் ஒரு பறுவத்துக்குப் போய் நானும் சவளில் காதை வைத்தேன். ஏதோ கேட்டது. மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம், நடுவில் மச்சான் கச்சான் கடிக்கும் சத்தம். அவன் சவளின் மேல்தான் சாய்ந்திருந்தான்.

கல்லடிக்குப் போனால் சிவானந்தா வித்தியாலயத்து வளவுக்குள் விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. அதன் முன்னே நின்றால் எனக்கு எப்போதும் கொஞ்சம் வெட்கம் வரும். காரைதீவில் 1892இல் பிறந்த அந்த மனிதர் விஞ்ஞானம் படித்தவர், கணக்குத் தெரிந்தவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் பழைய உரையையும் வைத்துக்கொண்டு, ஒருவர் கண்ணிலும் படாத, ஒருவர் காதிலும் விழாத யாழைக் கணக்குப் போட்டே மீட்டெடுத்தார். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்று நரம்பு நரம்பாக. வருடக்கணக்கான உழைப்பு. 'யாழ்நூல்' 1947 ஜூனில் தஞ்சைப் பக்கத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் போய்விட்டார். அந்த நூலில் நம் ஆற்று நாதத்தையும் விடவில்லை, நீரர மகளிரின் பாட்டு என்று கொண்டுவந்து வைத்திருக்கிறார். அவருக்குக் கசற் இல்லை, கருவி இல்லை, வாத்தியார் இல்லை. எனக்குக் கசற், கருவி, பாட்டு, மிதிக்க ஒரு ஆள் எல்லாம் இருந்தும் ஒன்றரைச் சரணம். அவருக்கு மச்சான் இல்லாதது ஒருவேளை நன்மையாகப் போயிருக்கலாம்.

என் ஞானம் உடைந்தது 1996இல், பட்டணத்தில், கரண்டு உள்ள ஒரு தேத்தண்ணிக் கடையில். 'இளைய நிலா' போனது. கேட்கக் கேட்க எனக்கு அந்தரமாக இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாலசுப்பிரமணியத்துக்கு என்ன அவசரம்? குரலும் மெல்லிசு. வரி முடிவில் அந்தப் பெருமூச்சு இல்லை. முதலாளியிடம் போய், "அண்ணே, உங்கட மிசின் கூட வேகமா ஓடுது" என்று பணிவாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்த ஊர் தம்பி?" என்றார். ஊரைச் சொன்னேன். "ஓ" என்றார். அந்த ஓவுக்குள் ஆற்றின் 56 கிலோமீற்றரும் இருந்தது. அந்தக் கலவரத்தில் இரண்டாவது சரணத்தின் மிச்சத்தைக் கேட்க மறந்தே போனேன்.

ஆனாலும் திருந்தவில்லை. மச்சானின் அக்கா கலியாணத்தில் வாசிக்கச் சொன்னார்கள். ஓகன் வாசிக்க வந்த பையன், "என்ன ஸ்கேல் அண்ணே?" என்று கேட்டான். எனக்கு ஸ்கேல் தெரியாது. ஒரு நரம்பைத் தட்டிக் காட்டினேன். அவன் ஒரு கட்டையை அழுத்தினான், இல்லை. பக்கத்துக் கட்டை, அதுவும் இல்லை. என் சுருதி இரண்டு கட்டைக்கும் நடுவில், கதவிடுக்கில் விரல் நசிந்தாற்போல நின்றது. சைக்கிளுக்குக் கட்டை கிடையாதே. கடைசியில் அவன் ஓகனை நிற்பாட்டிவிட்டுக் கேக் சாப்பிடப் போனான். நான் தனியாக வாசித்து, வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு எனக்கும் கலியாணம் ஆனது. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை போய் ஏறுபவன். அதனால் என் கிற்றார் இப்போது எழுவான்கரையில், மனைவியின் அம்மாவான மாமியின் ஆட்சிக்குள் இருக்கிறது. மாமி மருமகனோடு நேருக்கு நேர் பேசமாட்டா. எனக்குச் சொல்ல வேண்டியதை, எனக்குக் கேட்கும்படி, மகளிடம் சொல்லுவா.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, போன வருடம், இந்தப் பாட்டைச் சரியாகப் பிடித்தே தீருவது என்று ஒரு வெறி வந்தது. இப்போது கைத்தொலைபேசியில் பாட்டின் வேகத்தைப் பாதியாக்கினாலும் சுருதி இறங்காமல் நிற்கும் வசதி இருக்கிறது. முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. எத்தனை கச்சான்! எத்தனை தயிராடை! கொப்பியைத் தூக்கி வைத்துவிட்டு ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கினேன். அங்கிள் சொன்னபடி அடி முதல், மேல் பிறகு. ஆறு நரம்பும் கடை நரம்பு. டச்பார்ப் பக்கம் போய் அங்கிளிடம் காட்ட முடியாது. 2004 சுனாமி அந்தத் தெருவையே விட்டுவைக்கவில்லை. அவர் அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார். வாங்கு மட்டும் போனது.

இரவில்தான் நேரம் கிடைக்கும். சத்தம் வராமல் இருக்க, தாடையைக் கிற்றாரில் அழுத்திக்கொண்டு, விறாந்தை இருட்டில், நரம்பைத் தொட்டும் தொடாமலும் வாசிப்பேன். ஒருநாள் தண்ணீர் குடிக்க எழும்பி வந்த மாமி அப்படியே நின்றுவிட்டா. காலையில் குசினியில் பேச்சு.

"புள்ள, உன்ட மனிசன் ராவில அந்தக் கிற்றாரக் கடிக்கிறார்."

"கடிக்கல்ல அம்மா. கோட்ஸ் பிடிக்கிறார்."

"எந்தக் கோடு? மறுகா வழக்கு ஏதும் இரிக்கா?"

எல்லாம் வந்தது, ஒரு சுரம் மட்டும் வரவில்லை. தொடக்கத் துண்டில் ஒரு இடம். பேஸ் சரி, மேல் சரி, நடுவில் ஒன்று பல்லில் கல் கடித்தாற்போல இடறியது. அதே துண்டை இருநூறு தடவையாவது வாசித்திருப்பேன். ஒரு சனிக்கிழமை மாமி கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. சாம்பல் தொட்டுச் செதில் உரசும் சத்தத்தோடு, வாய்க்குள் ஏதோ முனகல். நான் நிமிர்ந்தேன். என் துண்டு! நான் இடறும் இடத்தில் மாமி இடறவில்லை. அரைச்சுரம் கீழே இறங்கி, அலுங்காமல் ஏறிப் போனா. மாமிக்கு 'இளைய நிலா' என்று ஒரு பாட்டு இருப்பதே தெரியாது. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கில் வருடா வருடம் நின்று பாட்டுக் கேட்ட காது அது. என் பிழையை இருநூறு தடவை கேட்டு, சகிக்காமல் தானே திருத்திவைத்துக்கொண்டா.

அந்தச் சுரத்தில் விரலை வைத்தேன். கல் போய்விட்டது. செதில் உரசுவது நின்றது.

"புள்ள," என்றா மாமி, கத்தியை நிமிர்த்திக்கொண்டு, "இனியாவது அடுத்த துண்டுக்குப் போகச் சொல்லு."

போனேன். இரண்டாவது சரணத்தையும் முழுசாகப் பிடித்தேன். கசற்றுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். முதற் சரணத்தில் இருந்ததேதான், வேறு சொல்லோடு. முப்பது வருடமாக ஏதோ பெரிய புதையல் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் சுவிஸிலிருந்து மச்சான் கூப்பிட்டான். வீடியோவில் அவன் முகம் உருண்டிருந்தது. கால் வலி என்று வைத்தியர் சைக்கிள் ஓடச் சொல்லியிருக்கிறாராம். வீட்டுக்குள் ஒரு சைக்கிள் வாங்கி வைத்திருக்கிறான், நின்ற இடத்தில் மிதிக்கிறது. அதைத் திருப்பிக் காட்டினான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "போனை எதிரே நிறுத்து, பாட்டு முழுசாப் பிடிச்சிட்டேன்" என்று வாசித்துக் காட்டினேன். சரியான சுருதி, சரியான வேகம், மாமியின் அரைச்சுரம் உட்பட முதலிலிருந்து முடிவு வரை.

"நல்லா இரிக்கி மச்சான்," என்றான். "மறுகா நம்மட பாட்ட வாசி."

அவன் ஏறி மிதிக்கத் தொடங்கினான். நான் நரம்புகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் இறக்கினேன், கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் அந்த இடம் வரும்வரை. பல்லவி. வரி முடிவில் அவனுக்கு மூச்சு வாங்கியது, கழுத்தை மெல்ல முன்னுக்குத் தள்ளினேன். முதற் சரணம். இரண்டாவது சரணத்தின் பாதியில் அவன் நாக்கை அண்ணத்தில் அடித்து 'டக்' என்றான். கையை எடுத்தேன்.

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது.

"புள்ள, கரண்டு போயிட்டா?"